200 லிட்டர் கடல் தொட்டி, நைட்ரேட் 80: வினிகரா, கந்தகமா?

குழித்துறைக்காரன்:
சம்ப் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்து 200 லிட்டர். இரண்டு க்ளவுன் மீன், ஒரு டேங் மீன், கொஞ்சம் ஜோவா (பவள வகை உயிரி). நைட்ரேட் 80 பிபிஎம், பாஸ்பேட் 0.3. ஸ்கிம்மர் (நுரையாகக் கழிவைப் பிரிக்கும் கருவி) ஓடுகிறது. குளச்சலில் இருந்து கேனில் எடுத்து வரும் கடல்நீரைத்தான் மாற்றுகிறேன். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டது, இனி கலங்கல் தண்ணீர்தான். உப்புப் பொடி வாங்கிக் கட்டுப்படியாகாது. 20% மாற்றினால் 64 ஆகிறது, பத்தே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. பாக்டீரியா வைத்துக் குறைக்க எது தோது? மழைக்கு இங்கே கரண்டும் போகும்.

மார்த்தாண்டம் ரீஃப்:
தம்பி, முதலில் டெஸ்ட் கிட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அடியில் படிந்த தூள் கலக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும்.

உங்களுக்கு வினிகர் போதும். சிலர் இதற்கே ஊற்றும் வோட்காவுக்காகத் தமிழ்நாடு-கேரள எல்லையின் எந்தப் பக்கம் வரிசையில் நிற்பது என்ற கவலையும் இல்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் 4% வெள்ளை வினிகர். கள்ளு வினிகர் வேண்டாம், அதில் அமிலம் தவிர வேறு பலதும் உண்டு. முதல் 3 நாள் தினம் 2 மில்லி, ஏழாம் நாள் வரை 4 மில்லி. அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை தின அளவில் 5 மில்லி கூட்டுங்கள்: 9, 14, 19. நைட்ரேட் தெளிவாக இறங்கத் தொடங்கியதும் அந்த அளவிலேயே நில்லுங்கள். 10-க்குக் கீழே வந்தால் பாதியாக்குங்கள்.

வினிகரின் கார்பனைத் தின்று பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். அதை ஸ்கிம்மர்தான் வெளியே எடுக்கிறது. விடியற்காலையில் பிஹெச் அடிமட்டத்தில் இருக்கும், அப்போது ஊற்றாதீர்கள். லைட் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, நீரோட்டம் உள்ள இடத்தில். தண்ணீர் பால்போல் மங்கினால் ஆக்சிஜன் இறங்குகிறது என்று அர்த்தம்: இரண்டு நாள் நிறுத்தி, காற்று பம்ப் போடுங்கள். கரண்ட் போகும் என்று தெரிந்த நாளில் ஊற்றவே வேண்டாம்.

(டேங் மீனுக்கு 200 லிட்டர் பத்தாது. அது தனிச் சண்டை.)

பாறசாலை கடல்நீர்:
கந்தகத்தில் வளரும் பாக்டீரியாவும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கரண்ட் நிலையாக இருக்க வேண்டும். 200 லிட்டருக்கு, ரியாக்டரில் (தொட்டி நீர் மெதுவாக ஓடும் மூடிய குழாய்) 2 லிட்டர் கந்தகக் குருணை. ரப்பர் மரத்துக்குத் தூவுகிற கந்தகப் பொடியைப் போட்டால் ரியாக்டர் அடைத்துக்கொள்ளும். நொடிக்கு ஒன்றிரண்டு சொட்டு விட்டு 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை வெளிவரும் நீரில் நைட்ரைட் இருக்கும். அந்த நீரில் நைட்ரேட் பூஜ்யம் ஆனதும் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் ஓட்டம் பத்தவில்லை.

வெளிவரும் நீர் அமிலத்தன்மை உள்ளது, சுண்ணாம்பு அடுக்கு வழியாக விட வேண்டும். அதற்குப் பவளக்கல் எடுக்காதீர்கள், 1972 வன உயிரினச் சட்டத்தில் அது முதல் அட்டவணை. சதை போகக் கழுவிக் காயவைத்து உடைத்த கக்கா (சிப்பி) ஓடு போதும். சில மணி நேரம் பம்ப் நின்றிருந்தால், மறுபடி ஓடும்போது உள்ளே தேங்கிய நீரை வாளியில் பிடித்துக் கொட்டுங்கள். அதில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், தொட்டிக்குள் போனால் மீன் செத்துப்போகும்.

குழித்துறைக்காரன்:
ஐந்தாவது வாரம், தினம் 24 மில்லி வினிகர். 80-லிருந்து 45 வந்தது. பத்து நாளாக அங்கேயே நிற்கிறது. பாஸ்பேட் 0 காட்டுகிறது. மணலில் சிவப்பாக ஆடை மாதிரி ஒன்று படர்கிறது. இன்னும் கூட்டவா? மணவாளக்குறிச்சி மணல் வாங்கி ஆழமான மணல் படுகை போட்டால் உதவுமா அண்ணா?

மார்த்தாண்டம் ரீஃப்:
கூட்டாதீர்கள், 14-க்கு இறக்குங்கள். பாஸ்பேட் தீர்ந்ததுதான் காரணம். பாக்டீரியா எடைக்கணக்கில் சுமார் 10 பங்கு நைட்ரேட்டை எடுக்கும்போது கூடவே 1 பங்கு பாஸ்பேட்டையும் எடுத்தால்தான் வளரும். சம்ப்பில் பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓ இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். மீனுக்குப் போடும் உறைந்த மைசிஸை (குட்டி இறால் மாதிரித் தீனி) கழுவாமல் போடுங்கள். பாஸ்பேட் 0.03 முதல் 0.1-க்குள் நின்றால் நைட்ரேட் மறுபடி இறங்கும். அந்தச் சிவப்பு சயனோ என்கிற பாக்டீரியா. தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுங்கள், மருந்து வேண்டாம்.

மணவாளக்குறிச்சி மணல் தொட்டிப் பக்கமே வர வேண்டாம். அந்தக் கறுப்பு இல்மனைட், இரும்பும் டைட்டானியமும்; கூடவே மோனசைட்டில் தோரியம். படுகைக்கு 10 செ.மீ.க்குக் குறையாமல் நுண்ணிய அரகோனைட் (சுண்ணாம்பு) மணல் வேண்டும். உங்கள் சம்ப்பில் அதற்கு இடமிருக்கிறதா என்று அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.