புது ரோடு போடப் போகிறார்கள், தெரு மட்டம் உயராமல் இருக்க யாரிடம் என்ன கேட்பது?

குழித்தறி_அம்மாப்பேட்டை:
எல்லாருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்குள்ளேயே குழித்தறி, அதாவது குழி தோண்டி அதில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறி; பட்டு வேட்டி நெய்கிறோம். தெருவில் பாதாள சாக்கடைக் குழாய் பதித்து மூடியாயிற்று, அடுத்து புது ரோடு என்று அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாதாள சாக்கடை வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கொசுக்கடியில் ராத்திரி தறியில் உட்காரவே முடியாத வீடு இது.

கவலை ரோட்டைப் பற்றித்தான். அப்பா வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வர வேண்டும். பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் முதல் படி போனது, இரண்டாவதும் போனது, மிச்சம் இருப்பது நாலு விரல் உயரம். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை. தண்ணீர் வாசலைத் தாண்டி நேராகத் தறிக்குழியில் இறங்கிவிட்டது. வீட்டிலேயே பள்ளமான இடம் அதுதானே. கால் மிதிக்கும் கட்டைகள் முங்கிக் கிடக்க, அம்மாவும் நானும் விடிய விடிய சொம்பால் மொண்டு ஊற்றினோம். குழி காய்ந்து மறுபடி கால் வைக்க ஒன்பது நாள் ஆனது. அத்தனை நாளும் கூலி இல்லை.

இன்னும் ஒரு அடுக்கு வந்தால் வீடு தெருவுக்குக் கீழே போய்விடும். ரோடு வேண்டும், ஆனால் இந்த மட்டத்தைத் தாண்டக் கூடாது. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
தம்பி, ஜல்லி இறங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, அது நல்லது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று 2021 மே மாதமே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டிருக்கிறார். மாநகராட்சிக்கு மனு கொடுங்கள், அதில் இதை எழுதுங்கள்.

அப்புறம் எஸ்டிமேட்டைப் பாருங்கள். தார் ரோட்டுக்கு மில்லிங் (மெஷினால் பழைய தாரைச் சுரண்டி எடுப்பது), சிமெண்ட் ரோட்டுக்குப் பழசைத் தோண்டி அப்புறப்படுத்துவது என்று அதில் தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் ஒப்பந்தக்காரருக்கு அதற்குப் பணம் கிடையாது, அவர் சுரண்ட மாட்டார். ரோலர் வந்து நின்றபிறகு தெருவே கூடிக் கேட்டாலும் பிரயோஜனம் இல்லை. தாரா சிமெண்டா என்பதையும் கேளுங்கள். தார் மேல்பூச்சு மட்டும் என்றால் 3, 4 செ.மீ. ஏறும். சிமெண்ட் சர்வ சாதாரணமாக 15 செ.மீ. வரும், உங்கள் படி முழுக்க உள்ளே போய்விடும்.

குழாய் பதித்த பள்ளம் நன்றாக இறுகியிருக்கிறதா? மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் புது ரோடு அந்தக் கோட்டிலேயே உட்காரும்.

குகை_அக்கா:
தம்பி, எங்கள் தெருவில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுத்தான் எஸ்டிமேட்டைப் பார்த்தோம். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ‘ஆவணத்தை நேரில் பார்வையிட வேண்டும்’ என்று எழுதுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பதில் வர 30 நாள் வரை ஆகலாம், அதனால் இன்றைக்கே போடுங்கள். வார்டில் ஏரியா சபா, அதாவது கிராம சபை மாதிரி நடக்கும் மக்கள் கூட்டம், கூடும்போது இதைச் சொல்லிப் பதிவு செய்யவும் சொல்லுங்கள். 2022இல் வந்த விதிகளின்படி நகரத்துக்கும் அது உண்டு. நாங்கள் எல்லா வீட்டு வாசல் உயரத்தையும் டேப்பால் அளந்து, டேப்போடு போட்டோ எடுத்து வைத்தோம். பேசும்போது அந்தப் போட்டோதான் கைகொடுத்தது.

சூரமங்கலம்_மேஸ்திரி:
மட்டத்தோடு வாட்டத்தையும், அதாவது ரோட்டின் சரிவையும் பாருங்கள் அண்ணா. ரோடு தாழ்ந்தாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது முக்கியம். இன்னொன்று, மழை பெய்யும்போது பாதாள சாக்கடை மூடியைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வடிய விடாதீர்கள். அது மழைத்தண்ணீருக்கான குழாய் இல்லை. நிரம்பினால் கழிவுநீர் கக்கூஸ் வழியாக வீட்டுக்குள் எதிர்த்து வரும்.

குழித்தறி_அம்மாப்பேட்டை:
எல்லாருக்கும் நன்றி. விசாரித்ததில் சிமெண்ட் ரோடு என்றார்கள். எழுத்தில் மனு கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டேன். நேற்று சாயங்காலம் பதினொரு வீட்டையும் அளந்தோம். எங்கள் வாசல் 7 செ.மீ., எதிர்வீட்டுப் பெரியம்மா வாசல் 2 செ.மீ. அவர்கள் வீட்டில் இரண்டு தறி.

2016இல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்ததிலிருந்து எத்தனையோ மாறிவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டு ஈரடுக்காக நிற்பதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டவன். அந்த மாதிரி வேலைகளை ஊரே பார்க்கிறது. பெரியம்மா வீட்டு 2 செ.மீ.யை நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

வாட்டத்துக்கு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கிழக்கே ஓடுகிறது, அங்கே மழைநீர் வடிகாலில் மண் அடைத்திருக்கிறது. ஓவர்சீயர் ஐயா, இதையும் அதே மனுவில் சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற_ஓவர்சீயர்:
வேண்டாம் தம்பி, தனியாகக் கொடுங்கள். ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். வடிகாலை ரோட்டுக்கு முன்னால் தூர்வார வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.