"நல்லாத்தான் இருக்கான்" என்பதற்கு மேல் பெற்றோரை எப்படிப் பேச வைக்கிறீர்கள்?

அங்கன்வாடி அக்கா தங்கைகளுக்கு ஒரு கேள்வி. மாதாமாதம் எடையும் உயரமும் பார்த்து போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றிவிடுகிறேன், அதில் சிக்கல் இல்லை. பேச்சு, விளையாட்டு, கைத்திறன் இதையெல்லாம் அம்மாக்களோடு சேர்ந்து குறித்து வைப்பதுதான் வரவில்லை.

போன வாரம், மூன்று வயதுப் பையன் ஒருவன் மையத்தில் வாயே திறப்பதில்லை என்று அவன் அப்பத்தாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். வீட்டில் கோழியை விரட்டிக்கொண்டே முழு முழு வாக்கியமாகத் திட்டுவானாம்! கேட்காமல் விட்டிருந்தால் பேச்சு தாமதம் என்று எழுதியிருப்பேன்.

தாய் சேய் நல அட்டையில், பிள்ளை எந்த வயதில் என்ன செய்யும் என்று வயதுவாரியாகப் படம் இருக்கிறது. ஆனால் பலர் அதைத் தடுப்பூசிக்கு மட்டும்தான் எடுக்கிறார்கள்.

நூறு நாள் வேலைக்கு ஓடுகிறவர்களிடம், பிள்ளையை விடும் அந்த இரண்டு நிமிடத்தில் என்ன கேட்பீர்கள்? நோட்டு ஏதும் வைத்திருந்தால் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், பிள்ளை பெயரை மறைத்துவிட்டு.