புதுப் பெயின்ட்டும் பழைய பற்சக்கரமும்: டிராக் லோடர் வாங்கிய அனுபவங்கள்

தொடங்கியவர்:

பண்ணை வேலைக்காகப் பழைய காம்பாக்ட் டிராக் லோடர் ஒன்றை, அதாவது சக்கரங்களுக்குப் பதிலாக ரப்பர் பட்டைகளில் (டிராக்குகளில்) ஓடி, முன்னால் உள்ள பக்கெட்டால் அள்ளித் தூக்கும் சிறிய வண்டியை, வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் ஏழு வண்டிகளைப் பார்த்தேன். அவற்றுள் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கும் வரை போய்த் திரும்பினேன். அந்தக் கதையை எழுதும்படி சிலர் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்த்தால் அடுத்து வாங்குபவருக்கு உதவும்.

முதலில் என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் என் நிலத்தில் டயர் வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும். வைக்கோல் உருளைகள், எரு, மண் ஆகியவற்றை அந்த ஈர நிலத்தின் ஊடேதான் கொண்டு செல்ல வேண்டும். ஸ்கிட் ஸ்டீயர் எனப்படும், இதே வேலையைச் செய்யும் சிறிய டயர் வண்டி தன் எடை முழுவதையும் நான்கு சிறிய இடங்களில் ஊன்றுகிறது. டிராக் லோடரோ அதே எடையை இரண்டு நீண்ட ரப்பர் பட்டைகளில் பரப்பிவிடுவதால், தரையில் விழும் அழுத்தம் பெரும்பாலும் சதுர அங்குலத்திற்கு 4 முதல் 6 பவுண்டு அளவிலேயே நிற்கிறது. டயர் வண்டியில் அது 30 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். டிராக்கைத் தேடிப் போனதற்கு இந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

நான் ஏமாறவிருந்த வண்டியில், ஓடிய நேரத்தைக் கணக்கிடும் மீட்டர் 1,400 மணி காட்டியது. பெயின்ட் புதிது, சீட் புதிது, இரண்டு டிராக்குகளும் புதியவை. தூரத்திலிருந்து பார்த்தபோதே மனம் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. என்னுடன் வந்திருந்த மெக்கானிக் மட்டும் வண்டியைச் சுற்றி வராமல், நேராகப் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, டிராக்கை ஓட்டும் பற்சக்கரத்தைக் கைவிளக்கு அடித்துப் பார்த்தார். புதிய பற்சக்கரத்தில் பற்களின் இரு பக்கங்களும் ஒரே மாதிரி இருக்கும். இதிலோ ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கமாகத் தேய்ந்து புலிநகம் போல் வளைந்திருந்தது. தேய்ந்த பற்சக்கரத்தின் மேல் புதிய டிராக்கை மாட்டினால், டிராக்கின் உட்புறக் கட்டைகள் சரியாகப் பொருந்தாமல் சீக்கிரமே அரிபட்டுவிடும் என்று அவர் சொன்னார். அதாவது, அந்தப் புதிய டிராக்குகள் வாங்குபவரின் கண்ணுக்காக மாட்டப்பட்டவை. வண்டிக்கு அவற்றால் எந்த நன்மையும் இல்லை.

பிறகு டிராக்கின் உட்புறத்தில் உருளும் கீழ் ரோலர்களைப் பார்த்தோம். வண்டியைத் தூக்கி டிராக்கைச் சுழலவிட்டபோது இடப்பக்கத்தில் ஒரு ரோலர் சுழலவே இல்லை. டிராக் அதன் மேல் உரசியபடி வழுக்கிக்கொண்டு போனதால், அதன் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. இன்னொன்றின் நடுவில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பு வளையமாகப் படிந்திருந்தது. ஆயில் கசியாமல் அடைக்கும் சீல் போய்விட்டதற்கு அதுவே அடையாளம். 1,400 மணி ஓடிய வண்டியில் இவ்வளவு தேய்மானம் வராது என்று மெக்கானிக் மடிக்கணினியை இணைத்து இன்ஜின் கணினியைப் படித்தார். 3,900 மணி என்று வந்தது. கேட்டபோது, மீட்டர் பழுதானதால் மாற்றியதாகவும் அதைச் சொல்ல மறந்துவிட்டதாகவும் விற்பவர் அமைதியாகப் பதில் சொன்னார். மறதிக்கு நடுவில் பெயின்ட் அடிக்க மட்டும் நினைவிருந்திருக்கிறது.

நான் வாங்கியது 3,100 மணி ஓடிய வண்டி. நிறம் மங்கிப்போயிருந்தது; சீட் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. ஆனால் மூட்டுகளில் உள்ள ஒவ்வொரு இரும்புப் பின்னைச் சுற்றிலும் கிரீஸ் பிதுங்கி நின்றது. ஆயில் மாற்றிய தேதிகளை உரிமையாளர் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தார். பக்கெட்டைத் தரையில் அழுத்தி வண்டியின் முன்பக்கத்தைச் சற்றே தூக்கி இறக்கியபோது, பக்கெட்டைத் தூக்கும் கைகளின் பின்களில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இல்லை. பக்கெட் மாட்டும் தட்டின் ஆப்புகள் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தன. அதைப் பேசி விலையில் குறைத்துக்கொண்டோம்.

ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி ஒன்று வலியுறுத்திச் சொல்வேன். ஹைட்ராலிக்கில், அதாவது ஆயில் அழுத்தத்தில், ஓடும் இந்த வண்டிகளின் உண்மை நிலை ஆயில் சூடான பிறகுதான் வெளிவரும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால், பம்பும் மோட்டாரும் தேய்ந்திருந்தாலும் அழுத்தம் ஓரளவு நிற்கும். சூடாகி இளகியதும் அதே ஆயில் தேய்ந்த இடைவெளிகளின் வழியே நழுவி, வண்டியின் வலு குறைந்துவிடும். இன்ஜினின் நிலைமை இதற்கு நேரெதிர். அதைக் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஆகவே நான் போனதும் இன்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பேன். "உங்களுக்காகச் சூடாக்கித் தயாராக வைத்திருக்கிறோம்" என்று ஒருவர் உபசாரமாகச் சொன்னபோது, மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அந்த வண்டி ஸ்டார்ட் ஆக ஏழெட்டு முயற்சிகள் பிடித்ததோடு நீலப் புகையும் விட்டது. ஆயிலைக் குடிக்கும் இன்ஜின் அப்படித்தான் புகைக்கும்.

இப்போது என்னிடம் உள்ள வண்டியை முக்கால் மணி நேரம் மண் தள்ளவிட்டுப் பார்த்தேன். சூடான பிறகு சமதரையில் இரண்டு பக்கமும் முழு வேகம் கொடுத்து நேராக ஓட்டினேன். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அந்தப் பக்கத்து டிராக்கைச் சுழற்றும் டிரைவ் மோட்டாரோ அதற்கான பம்போ தளர்ந்திருக்கலாம். இரு பக்கமும் டிராக் இறுக்கம் வேறுபட்டிருந்தாலும் இழுக்கும் என்பதால் அதை முதலிலேயே சரிபார்த்துக்கொண்டோம். இந்த வண்டி முப்பது மீட்டருக்கு ஒரு சாணளவுதான் இடப்பக்கம் விலகியது. அதை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

பால்பண்ணை நடத்தும் உறுப்பினர்:

தொடங்கியவர் மீட்டர் காட்டிய மணிக்கணக்கை நம்பி ஏமாறப் பார்த்தார். நான் மணிக்கணக்கு உண்மையாகவே இருந்தும் ஏமாந்தேன். நான் வாங்கிய வண்டி 1,100 மணிதான் ஓடியிருந்தது. இன்ஜின் கணினியும் அதையே காட்டியது. பற்சக்கரம், ரோலர், பின் அனைத்தும் நன்றாக இருந்தன. வாங்கிய மூன்றாவது மாதம், ஒரு மழை நாளில் வண்டி நடுவழியில் நின்றது. காய்ந்ததும் ஓடியது, மறுபடி ஈரம் பட்டதும் நின்றது. எலக்ட்ரீஷியன் அடித்தகட்டைக் கழற்றியபோது, உள்ளே காய்ந்து இறுகிய சாணம் ஒரு சாண் உயரத்திற்கு இருந்தது. வயரிங் இணைப்புகள் பச்சை பூத்துக் கிடந்தன. ஒரு இணைப்பைத் தொட்டதும் கம்பி பொடியாகக் கையோடு வந்தது.

அந்த வண்டி தன் ஆயுள் முழுவதும் மாட்டுக்கொட்டகையில் எரு வாரியிருக்கிறது. சாணமும் மூத்திரமும் சேரும் இடத்தில் எழும் அமோனியா செம்பை அரித்துவிடும். ஓடிய மணி குறைவாக இருந்தாலும், ஓடாத நேரத்திலும் வண்டி அந்தக் காற்றிலேயே நின்றிருக்கிறது. ஆகையால் எத்தனை மணி ஓடியது என்பதற்கு முன்னால் எங்கே வாழ்ந்தது என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்கிட் ஸ்டீயர் என்ற இனமே எருவுக்காகப் பிறந்தது. 1957-இல் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள், ஒரு வான்கோழிப் பண்ணையின் கொட்டகைக்குள் தூண்களுக்கு இடையே புகுந்து எருவை வாருவதற்காகத்தான் அதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். அந்த வேலைக்கென்று பிறந்த வண்டியை அதே எருதான் அரித்துத் தின்கிறது. நான் இப்போது வாரம் ஒருமுறை அடித்தகட்டைத் திறந்து தண்ணீர் அடிக்கிறேன். அங்கே சேரும் வைக்கோலும் ஆயிலும் சூட்டில் தீப்பிடிக்கும் என்பதும் அதற்கு இன்னொரு காரணம்.

வாங்கும் அன்றே அடித்தகட்டைத் திறக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். எலி கடித்த வயர்களையும் அதே பார்வையில் கண்டுகொள்ளலாம்.

பழுது பார்க்கும் தொழிலில் உள்ள உறுப்பினர்:

இருவர் சொன்னதும் சரி. என்னிடம் பழுதுக்கு வரும் வண்டிகளை வைத்து, வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலாவது, தூக்கும் திறன். டயர் வண்டிக்கு, அது கவிழும் எடையில் 50 சதவீதத்தைத் தூக்கும் திறனாக எழுதுவது வழக்கம்; டிராக் வண்டிக்கு 35 சதவீதம். ஆனால் பல விளம்பரத் தாள்களில் டிராக் வண்டிக்கும் இரண்டு எண்களையும் போட்டிருப்பார்கள். விற்பவர் பெரிய எண்ணைச் சொல்வார். ஒருவர் அதை நம்பி வாங்கி, ஈர வைக்கோல் உருளையைத் தூக்கியபடி சரிவில் இறங்கியபோது வண்டியின் பின்பக்கம் தரையை விட்டு எழுந்துவிட்டது. நல்லவேளையாக சீட் பெல்ட் போட்டிருந்தார். உருளையையும் தாழ்வாகவே வைத்திருந்தார். உங்கள் உருளையின் ஈர எடையை 35 சதவீத எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, கைகள் தூக்கும் விதம். வளைவாகத் தூக்கும் வண்டிக்கு நடு உயரத்தில் முன்னால் எட்டும் தூரம் அதிகம். குழி தோண்டவும் மண் நிரவவும் அது நல்லது. செங்குத்தாகத் தூக்கும் வண்டி உச்சியிலும் எட்டிக் கொடுக்கும் என்பதால், லாரியில் உருளை ஏற்றுபவருக்கு அதுவே பொருந்தும்.

மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கடிக்கிறது: துணைக் கருவிகளுக்கான ஹைட்ராலிக் ஓட்டம். பக்கெட், உருளைகளைத் தூக்கும் முள், குழி துளைக்கும் ஆகர் ஆகியவற்றுக்குச் சாதாரண ஓட்டம் போதும். அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 60 முதல் 95 லிட்டர் இருக்கும். புதர் அரைக்கும் மல்ச்சர் போன்றவை பெரும்பாலும் 115 லிட்டருக்கு மேல் கேட்கும். அந்த 'ஹை ஃப்ளோ' (அதிக ஓட்ட) வசதி வண்டியில் இருப்பதாகச் சொன்னால், இரண்டு பெரிய இணைப்புகளோடு நில்லாமல் மூன்றாவதாகச் சிறிய இணைப்பு ஒன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கருவியின் மோட்டாருக்குள்ளே கசியும் ஆயிலை அழுத்தமின்றித் தொட்டிக்குத் திருப்பும் வழி அது. அதைக் கேட்கும் கருவியை அந்த வழி இல்லாமல் ஓட்டினால் மோட்டாரின் சீல் பிய்த்துக்கொண்டு போகும். அப்படி வந்த இரண்டு மல்ச்சர்களை நானே பிரித்திருக்கிறேன்.

இன்னொன்று, புகைக்கட்டுப்பாடு. புதிய தலைமுறை வண்டிகள் பலவற்றில் கரித்தூள் வடிகட்டி இருக்கும். பண்ணையில் பத்து நிமிடம் ஓட்டுவது, நிறுத்துவது, மறுபடி ஓட்டுவது என்று இருந்தால் புகைக்குழாய் போதிய அளவு சூடாகாது. கரி எரியாமல் அடைந்துகொள்ளும். வடிகட்டியின் கரியைக் கடைசியாக எப்போது எரித்தது என்பதை வண்டியின் திரையிலோ கணினியிலோ பாருங்கள். 74 குதிரைத்திறன் கொண்ட வண்டிகள் சந்தையில் ஏன் இத்தனை என்று பலர் கேட்பார்கள். இன்ஜின் புகையைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க டியர் 4 விதியில் 75 குதிரைத்திறனுக்குக் கீழே நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு தளர்வானது. அந்த வாயுவைக் குறைக்கப் பயன்படும் யூரியா திரவம் இல்லாமலே அங்கே சமாளிக்கலாம். அதனால் பல நிறுவனங்கள் ஒரு குதிரையைக் குறைத்து நிறுத்திக்கொண்டன. பண்ணைக்குத் திரவச் செலவும் அதன் பழுதும் வேண்டாம் என்பவருக்கு அந்த வரிசை வசதியானது.

வாங்காமல் திரும்பிய உறுப்பினர்:

நான் நான்கு டிராக் லோடர்களைப் பார்த்துவிட்டு டயர் வண்டியையே வாங்கினேன். என் வேலையில் பெரும்பகுதி சிமென்ட் தளத்தில்தான் நடக்கிறது. காய்ந்த சிமென்டில் நின்ற இடத்திலேயே திரும்பும் ஒவ்வொரு முறையும் ரப்பர் டிராக் தேய்கிறது. ஒரு ஜோடி டிராக்கின் விலைக்குப் பல ஜோடி டயர் வாங்கலாம். ஈர நிலம் எனக்கு ஆண்டில் சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் பொறுத்துக்கொள்கிறேன். டிராக்கின் மேல் ஆசைப்பட்டு அதை வாங்குபவர்கள் தங்கள் வண்டி எந்தத் தரையில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று ஒரு வாரம் எழுதிப் பார்க்கலாம். நான் அப்படித்தான் முடிவெடுத்தேன்.

தொடங்கியவர்:

அனைவருக்கும் நன்றி. மூன்றாவது இணைப்பைப் பற்றிப் படித்ததும் எழுந்துபோய் என் வண்டியில் பார்த்தேன், இருக்கிறது.

இடப்பக்கம் விலகியதன் காரணம் என்ன ஆயிற்று என்று தனியே ஒருவர் கேட்டிருந்தார். வாங்கியதும் இரண்டு டிரைவ் கியர்களிலும் ஆயிலை மாற்றினோம். வலப்பக்கத்து ஆயில் தெளிவாக வந்தது. இடப்பக்கத்தில் ஆயிலை வடிக்கும் அடைப்பானின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தது. விரல்களுக்கு இடையே தேய்த்துப் பார்த்தபோது மாவு போல் வழவழப்பாக இருந்தது, நெருடும் துகள் எதுவும் சிக்கவில்லை. துகள் இருந்திருந்தால் அப்போதே பிரித்திருப்போம். இந்தக் குழம்பு சாதாரணத் தேய்மானம்தான் என்று மெக்கானிக் சொன்னார். ஐம்பது மணி ஓட்டிவிட்டு மறுபடி திறந்தோம். குழம்பு முதல் முறையில் பாதியளவே இருந்தது. இப்போது முப்பது மீட்டருக்கு அதே ஒரு சாண் விலகல்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்து இருநூறு மணியில் திறந்து பார்ப்பதாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய உரிமையாளரின் நோட்டிலேயே, அவர் விட்ட பக்கத்திலிருந்து தொடர்ந்து எழுதுகிறேன்.