காட்டுப்பன்றியைக் காட்டிலிருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாமாம். சரி, யார் வந்து சுடுவது?

கரிசல்காட்டான்:
விளாத்திகுளம் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். கதிர் பால் பிடித்து ஒரு வாரம்தான் ஆகிறது. நேற்று விடியக்காலம் போய்ப் பார்த்தால் தெற்கு வரப்பை ஒட்டி அரை ஏக்கர் பாய் விரித்த மாதிரிக் கிடக்கிறது. தின்றது கொஞ்சம், சாய்த்தது அதிகம். தட்டையை நெஞ்சால் தள்ளிப் படுக்கப் போட்டு, கதிரை நாலு கடி கடித்துவிட்டு அடுத்த தட்டைக்குப் போயிருக்கின்றன. ஈரக் கரிசலில் பெரிய குளம்பு ரெண்டு, சின்னது ஏழெட்டு. வரப்பு வேம்பில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. சாப்பிட்ட களைப்புக்கு முதுகு தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் துரைமார்.

2025 ஜனவரியில் அரசாணை வந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் இருந்தால் தொடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறை சுடலாம். போனில் அளந்து பார்த்தேன், பக்கத்துக் காப்புக்காடு எனக்கு 14 கி.மீ. மனுக் கொடுத்து இருபது நாள் ஆயிற்று. கதிர் காத்திருக்குமா? சுடுகிற அனுமதியை ஊருக்கே கொடுத்தால் என்ன? இதுதான் என் கேள்வி.

நீலச்சிட்டு:
அண்ணா, உங்கள் நஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் கையில் துப்பாக்கி வந்தால் பன்றியோடு நிற்குமா? மான், முயல், மயில் எல்லாம் அதே இருட்டில்தான் வரும். காட்டுப்பன்றி இந்த மண்ணின் விலங்கு. புலிக்கும் செந்நாய்க்கும் இரை. 2022-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது பாதுகாக்கப்படும் விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள்.

சுட்டுத் தீர்த்துவிடலாம் என்பவர்கள் அமெரிக்காவில் டெக்சாஸைப் பாருங்கள். அங்கே பன்றி வெளியிலிருந்து வந்தது, எத்தனை வேண்டுமானாலும் கொல்லலாம். 2011-இல் ஹெலிகாப்டரில் பறந்து சுடவே சட்டம் போட்டார்கள். இன்னும் 20 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்றுதான் மதிப்பிடுகிறார்கள்.

கரிசல்காட்டான்:
தங்கச்சி, எங்க ஊரில் புலி எங்கே இருக்கிறது? செந்நாய் எங்கே? நரி ஊளை கேட்டே பல வருஷம் ஆயிற்று. இது காட்டில் பிறந்த பன்றியும் இல்லை. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தில் பிறந்து, அங்கேயே குட்டி போட்டு, ராத்திரி எங்க வெள்ளாமையில் சாப்பிடுகிறது. காட்டை அது பார்த்ததே கிடையாது. அதை "வனவிலங்கு" என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

டெக்சாஸ் கணக்கையும் எனக்குச் சொல்லாதீர்கள். அங்கே ஒருத்தனுக்கு ஆயிரம் ஏக்கர்.

மேட்டுக்காடு:
நான் சத்தியமங்கலத்துக்காரனுங்க. உங்களுக்காவது 14 கிலோமீட்டர். என் தோட்டத்து வேலியைத் தாண்டினால் காடுங்க. அரசாணைப்படி என் பன்றியை யாரும் தொடக் கூடாது. மரவள்ளி போட்டேன், கிழங்கு திரளுகிற நேரத்தில் குழி குழியாகத் தோண்டிவிட்டுப் போயிருச்சு. நிலக்கடலை போட்டால் இன்னும் மோசம். மோப்பம் பிடித்து வரிசை மாறாமல் உழுதுகொண்டே போகும், டிராக்டர்கூட அவ்வளவு நேராக ஓடாதுங்க.

இழப்பீடு ஏக்கருக்கு அதிகபட்சம் 25,000. அது கைக்கு வருவதற்குள் அடுத்த வெள்ளாமையே முடிந்துவிடும். போட்டோ, அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தகம் என்று நான் அலைந்த பெட்ரோல் கணக்கைத் தனியாக எழுதலாம்.

சும்மா_ஒருத்தன்:
இவ்வளவு பேச்சு எதுக்கு? ராத்திரி ஒரு கம்பி, வீட்டு லைனில் ஒரு கொக்கி. காலையில் கறி.

நீலச்சிட்டு:
சும்மா_ஒருத்தன், 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் இப்படித்தான் ஒரு கம்பி. மூன்று யானை செத்தது. கூட வந்த இரண்டு குட்டிகள் செத்த தாய்களை விட்டு நகராமல் நின்றன. 2020-இல் பாலக்காட்டில் வெடி வைத்த தீனியைக் கடித்த சினை யானை வாய் சிதறி ஆற்றுத் தண்ணீரில் நின்றே செத்தது. கம்பியும் அவுட்டுக்காய் என்கிற வெடித் தீனியும் பன்றி எது யானை எது என்று பார்க்காது.

கரிசல்காட்டான்:
இதில் நான் தங்கச்சி பக்கம்தான். யானையை விடுங்கள், விடியக்காலம் தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷனே அந்தக் கம்பியில் செத்திருக்கிறான். இந்த யோசனையை இங்கே கொண்டுவர வேண்டாம்.

பாலக்காட்டுத்_தமிழன்:
சித்தூர் தாலுகாவிலிருந்து எழுதுகிறேன். "ஊருக்கே அனுமதி" எங்களுக்குக் கிடைத்துவிட்டது. 2022-இல் பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போடலாம் என்று கேரள அரசு சொன்னது. பெரிய நிம்மதி என்று நினைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, உத்தரவு போட ஆள் இருக்கிறது, சுட ஆள் இல்லை. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற ஆளைத் தேடிப் பிடித்து, அவருக்கு வண்டி, டீச்செலவு எல்லாம் கொடுத்து உட்கார வைத்தால் அன்றைக்குப் பன்றி வராது. மறுநாள் அவர் வர மாட்டார், பன்றி வரும். சுட்டாலும் கறியைத் தொடக் கூடாது, புதைக்க வேண்டும். குழி வெட்டுகிற கூலியும் நம் தலையில்.

ஆனாலும் அந்த உத்தரவு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். யார் காலிலும் விழ வேண்டியதில்லை என்பதே ஒரு பலம்தான்.

நீலச்சிட்டு:
நான் சொல்ல வந்ததும் இதுதான். பன்றி தாய்க்கூட்டமாக வாழ்கிற விலங்கு. கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை அந்தப் பக்கம் கொஞ்ச நாள் வராது, பக்கத்துக்காரர் நிலத்துக்குப் போகும். சினைக்காலம் நாலு மாதம்கூட இல்லை, ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி. ஒன்றிரண்டு விழுவதை ஒரே ஈற்றில் ஈடுகட்டிவிடும். அமெரிக்காவிலேயே இப்போது துப்பாக்கியைவிடப் பட்டிக்கூண்டைத்தான் நம்புகிறார்கள். கதவைத் திறந்து வைத்துப் பல நாள் சோளம் போட்டுப் பழக்கி, மொத்தக் கூட்டமும் உள்ளே வந்த பிறகு கதவை விழ வைப்பது.

மேட்டுக்காடு:
பிடிச்சு? எங்க காட்டில் கொண்டுவந்து விடுவீங்களா?

நீலச்சிட்டு:
இல்லை. அரசாணையில் எனக்கே பிடிக்காத இடம் அதுதான். 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் வரிசையாகச் செத்தபோது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. நம் நாட்டில் அதற்குத் தடுப்பூசி கிடையாது. ஊர்ப்பன்றியோடு குப்பை மேய்ந்த கூட்டத்தைப் பிடித்துக் காட்டுக்குள் விட்டால் அந்த நோயை நாமே வண்டி வைத்துக் கொண்டுபோய் இறக்குவோம். காட்டுக்கு வெகுதூரத்தில், கருவேலத்துக்குள் வாழ்கிற கூட்டத்தைப் பிடித்து, கால்நடை மருத்துவர் முன்னிலையில் வலியில்லாமல் கொல்வதை நான் எதிர்க்க மாட்டேன்.

கரிசல்காட்டான்:
அப்படியானால் கொல்லலாம் என்கிறீர்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

நீலச்சிட்டு:
ஊர் சுட வேண்டாம் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன் அண்ணா.

சும்மா_ஒருத்தன்:
கோபப்படாதீங்க, தப்புதான். எங்க தாத்தா போரேட் பூச்சிமருந்துக் குருணையைப் பொட்டலம் கட்டி வேலியில் தொங்கவிடுவார், நாற்றத்துக்கே வராது. அது செய்யலாமா?

மேட்டுக்காடு:
போரேட்டை 2020 முடிவோடு தடை பண்ணியாச்சுங்க. ஆட்டுக்குட்டி நக்கினாலே போச்சு. சலூன் முடி தூவினேன், மழை பெய்யும் வரை வேலை செய்தது. பழைய சேலை கட்டினேன். மூணு நாள் மிரண்டது, நாலாம் நாள் அடியில் நுழைந்து வந்தது. கடைசியில் சூரிய மின்வேலிதான். அது விட்டு விட்டு அடிக்கிற மின்சாரம், உயிர் போகாது. ஆனால் அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கணும், இல்லாவிட்டால் மூக்கை விட்டுத் தூக்கிவிடும். வாரம் ஒருக்கா புல் செதுக்கணும், புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். 2023-இல் வந்த விதிப்படி பதிவும் செய்யணும். வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு, கேட்டுப் பாருங்க.

கரிசல்காட்டான்:
மானியம் போக மிச்சப் பணம் நான்தானே போட வேண்டும்? மழையை நம்பி விதைக்கிறவன் நாலு ஏக்கரைச் சுற்றி வேலி போட்டால் மூணு வருஷ லாபம் அதிலேயே போகும். லாபம் வந்தால். இன்னொன்று, கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். காய்ந்த மண்ணில் எர்த் சரியாக நிற்காது, பன்றிக்குக் கூச்சம்தான் எடுக்கும். செம்மண்காரர் பேச்சைக் கேட்டு எங்க ஊரில் ஒருத்தர் போட்டார். இப்போது அந்தக் கம்பியில் துணி காய்கிறது.

பட்டிக்கூண்டு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கண்மாய்க் கருவேலத்தை வெட்டாமல் எத்தனை கூண்டு வைத்தாலும் குடியிருக்க வீடு இருக்கிறதே? வெட்டச் சொன்னால் கண்மாய் ஒரு துறை, மரம் ஏலம் விடுவது இன்னொரு துறை, பன்றி மூன்றாவது துறை.

பாலக்காட்டுத்_தமிழன்:
அண்ணாச்சி, மனு என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லையே?

கரிசல்காட்டான்:
வனவர், வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர் சேர்ந்த குழு பார்த்துச் சொல்ல வேண்டுமாம். எங்க ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியே முடிந்தது. அரசாணை வந்ததும் அதே மாதம்தான். தலைவர் இடத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டேன். "மேலே கேட்டிருக்கிறோம்" என்றார்கள். நானும் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீலச்சிட்டு:
தலைவர் இல்லாத ஊராட்சிகளைத் தனி அலுவலர்தான் பார்க்கிறார். அவர் பெயருக்கும் ஒரு நகல் போடுங்கள் அண்ணா. குளம்புத் தடத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். விண்ணப்பத்தை நானே தட்டச்சு செய்து தருகிறேன், சர்வே எண்ணை மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம்.

கரிசல்காட்டான்:
அனுப்புகிறேன். மணி எட்டரை ஆகிவிட்டது. தகரத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு காவலுக்குக் கிளம்புகிறேன். நேற்றைய பங்கு மிச்சம் இருக்கிறது, இன்றைக்கும் வரும்.