ஏர்பேக் விளக்கு அணையவில்லை: கைக்குழந்தை இருக்கையை முன்னால் பொருத்தலாமா?

கேள்வி:
வணக்கம். எட்டு மாதக் குழந்தையுடன் வாரத்தில் மூன்று நாள் நான் தனியாகக் காரில் செல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் இருந்து அவள் அழும்போது முகம் தெரிவதில்லை என்பதால், பின்னோக்கிப் பொருத்தும் இருக்கையை என் பக்கத்திலேயே வைக்க நினைக்கிறேன். வேறொருவரிடமிருந்து வாங்கிய இந்தக் காரில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு ஒரு மாதமாக அணையாமல் எரிகிறது. ஏர்பேக் வேலை செய்யாதென்றால் முன்னால் வைப்பதில் ஆபத்தில்லைதானே? பின்னால் பெல்ட் போட்டுப் பார்த்தபோது குழந்தை இருக்கை பக்கவாட்டில் ஆடுகிறது.

பதில் 1:
முன்னால் வைக்காதீர்கள், சகோதரி. அமைப்பில் எங்கோ கோளாறு என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறதே தவிர, பயணி பக்கத்துப் பை விரியாது என்று அது உறுதி தருவதில்லை. மோதலின்போது அந்தப் பை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்துவிடும். பின்னோக்கிய இருக்கையின் முதுகுப்பகுதி டேஷ்போர்டை ஒட்டியே இருப்பதால், குழந்தையின் தலை சாய்ந்திருக்கும் இடத்திலேயே முழு அடியும் விழும். சன் வைசரில் குழந்தை இருக்கையின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் ஒட்டியிருப்பது இதற்காகத்தான்.

ஆட்டத்துக்கு வருவோம். பின்னிருக்கையில் மெத்தையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (குழந்தை இருக்கையைப் பெல்ட் இன்றி நேரடியாகக் காருடன் பூட்டும் உலோகக் கொக்கிகள்) இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். இல்லையென்றால், பெல்ட்டை அதற்குரிய வழியில் நுழைத்து, இருக்கையைக் கையால் அழுத்திக்கொண்டே தொய்வை இழுத்து இறுக்குங்கள். பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து அசைக்கும்போது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. மேல்முனை சற்று ஆடுவது இயல்பே.

பதில் 2:
வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாமே?

பதில் 3:
மடி பாதுகாப்பன்று, ஐயா. மோதலில் ஒன்பது கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 194பி பிரிவும், பதினான்கு வயதுக்குட்பட்டவரைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது.

விளக்கைப் பொறுத்தவரை, முன் இருக்கைகளின் அடியில் செல்லும் மஞ்சள் கனெக்டர் தளர்ந்திருப்பது வழக்கமான காரணங்களில் ஒன்று. நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். பேட்டரி இணைப்பை எடுத்துச் சில நிமிடம் காத்திருந்த பிறகே மெக்கானிக்கும் அதைத் தொடுவார்.

கேட்டவர்:
நன்றி. ஓட்டுநர் இருக்கையின் அடியில் நான் திணித்து வைத்திருந்த குடைதான் கனெக்டரை இழுத்திருக்கிறது; பயணி பக்கத்தில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்று பணிமனையில் சொன்னார்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கிகளும் கிடைத்தன. இப்போது இருக்கை ஆடவில்லை. ஒரு வயதானதும் முன்னோக்கித் திருப்பிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். ஆர்129 என்ற ஐ.நா. குழந்தை இருக்கைப் பாதுகாப்பு விதிப்படி செய்த இருக்கைகளில் பதினைந்து மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது. அதற்குப் பிறகும், இருக்கையில் ஒட்டியிருக்கும் சீட்டு அனுமதிக்கும் உயரமும் எடையும் எட்டும் வரை பின்னோக்கியே வைத்திருங்கள்.