பிறவியிலேயே முடி இல்லை, வளர்ச்சியும் தாமதம்: எக்ஸோமுக்கு முன்னால் எதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்?

மழலைநலம்_டிஇஐசி

வணக்கம். 2 வயது 3 மாதப் பையன். பெற்றோர் தாய்மாமன், அக்கா மகள் முறையில் மணம் முடித்தவர்கள். தலையில் பூனைமுடி போல ஆங்காங்கே கொஞ்சம். புருவமும் இமைமுடியும் இல்லவே இல்லை. 11 மாதத்தில்தான் உட்கார்ந்தான். இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைதான், பேச்சு வரவில்லை. 14 மாதத்தில் வலிப்பு, அதற்கு வால்ப்ரோயேட் மருந்து ஓடுகிறது. வாயைச் சுற்றி அவ்வப்போது சிவந்து உரிகிறது. தைராய்டு நார்மல்.

பிறவி முடியின்மையும் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்த நோய்க்குறித்தொகுப்பு என்று எழுதி, நேரே எக்ஸோமுக்கு (மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதிகள் முழுவதையும் படிக்கும் சோதனை) அனுப்பலாமா? குடும்பம் கைக்காசு போட்டுத்தான் செய்ய வேண்டும். அதற்கு முன் எதையாவது விட்டுவிடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

வளர்சிதை_வார்டு

அந்தப் பெயரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் டாக்டர். முடியில்லை, வலிப்பு, வாயைச் சுற்றி உரிதல் மூன்றும் ஒரே குழந்தையில் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது பயோட்டினிடேஸ் குறைபாடு. இது மாத்திரையால் கட்டுப்படும் நோய். நாள் தள்ளினால் காதும் கண்நரம்பும் போய்விடும். போனால் பெரும்பாலும் திரும்பாது.

உடம்பு பயோட்டின் என்ற வைட்டமினைப் புரதத்திலிருந்து கழற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. கழற்றும் நொதிதான் பயோட்டினிடேஸ். அது இல்லாவிட்டால் பயோட்டினை நம்பி இயங்கும் கார்பாக்ஸிலேஸ் நொதிகள் படுத்துவிடும். லாக்டேட் ஏறும், சிறுநீரில் 3-ஹைட்ராக்ஸி ஐசோவலேரிக் அமிலம் வரும். நொதியின் செயல்பாடு சராசரியில் 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் தீவிர வகை, 10 முதல் 30 என்றால் பகுதிக் குறைபாடு.

கோளாறு பெரும்பாலும் நடப்பது மாதிரி எடுப்பதில்தான். இந்த நொதி வெக்கை தாங்காது. ரத்தத்தை மேசையில் வைத்துவிட்டு மாலை கூரியருக்குக் கொடுத்தால், நோயே இல்லாத குழந்தைக்கும் குறைவு என்றுதான் ரிப்போர்ட் வரும். சீரத்தைப் பிரித்ததும் உறைய வையுங்கள், ட்ரை ஐஸில் அனுப்புங்கள். ஃபில்டர் பேப்பரில் எடுத்தால் வெயில் படாத இடத்தில் கிடையாக 3, 4 மணி நேரம் காயவிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். உறவில்லாத, நலமாக உள்ள ஒருவரின் மாதிரியும் பெற்றோர் மாதிரியும் அதே பெட்டியில் போக வேண்டும். வெளியாள் மாதிரியும் தாழ்ந்திருந்தால் கெட்டது பெட்டி, குழந்தை அல்ல. அவருடையது சரியாக இருந்து, பெற்றோர் இருவரும் பாதியளவில் நின்றால் ரிப்போர்ட்டை நம்பலாம்.

அதே நாளில் அம்மோனியா, லாக்டேட், சிறுநீர் ஆர்கானிக் அமிலங்கள், அசைல்கார்னிட்டின் எல்லாம் எடுத்துவிடுங்கள். சிறுநீர் நார்மல் என்பதற்காக மட்டும் நோயை விலக்க வேண்டாம். சில குழந்தைகளில் அப்படியும் வரும். சிறுநீர் மோசமாக இருந்து நொதி நார்மல் என்றால், பயோட்டினை அந்தக் கார்பாக்ஸிலேஸ்களில் பொருத்தும் நொதியான ஹோலோகார்பாக்ஸிலேஸ் சின்தடேஸ் பக்கம் திரும்ப வேண்டும்.

இன்னொன்று, அந்த வால்ப்ரோயேட். யூரியா சுழற்சிக் கோளாறு (அம்மோனியாவை யூரியாவாக்கிக் கழிக்க முடியாத நோய்) ஒளிந்திருந்தால் அந்த மருந்து அம்மோனியாவை ஏற்றிவிடும், முடியையும் உதிர்க்கும். அந்த வகையைச் சேர்ந்த ஆர்ஜினினோசக்சினிக் அசிடூரியாவிலும் முடி ஒடிந்து ஒடிந்து குட்டையாக இருக்கும் என்பது நினைவிருக்கட்டும். அம்மோனியா தெரியும்வரை லெவெடிராசெட்டம் போல வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றலாமா என்று நரம்பியலாரிடம் இன்றே பேசுங்கள். வீட்டாராகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது.

தோல்_முடி_ஓபி

மேலே சொன்னதற்கு வழிமொழிகிறேன். முடிப் பக்கம் மட்டும் கொஞ்சம்.

அம்மாவிடம் "முடி எப்போது போச்சு?" என்று கேட்டால் பதில் உதவாது. "மொட்டை போடும்போது கத்திக்கு முடி வந்ததா?" என்று கேளுங்கள். முடி இறக்கிய பிறகு முளைக்கவே இல்லை என்றால், அதற்கு முந்தைய போட்டோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிறப்பில் இருந்த முடி சில மாதங்களில் கொட்டி, பிறகு வராமலே போவது ஹேர்லெஸ் மரபணுக் கோளாறின் அடையாளம். 2 வயதை ஒட்டி முழங்கால், முழங்கை, முகத்தில் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பும். ஆனால் அதில் அறிவு வளர்ச்சி சரியாகவே இருக்கும். மொட்டையைக் குறை சொல்லிப் பாட்டியும் மருமகளும் சண்டை போடுவதை நிறுத்தவும் இந்தக் கேள்வி உதவும்.

நடக்கவில்லை என்றால் மணிக்கட்டு எக்ஸ்ரே, கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் பாருங்கள். வைட்டமின் டி ஏற்பி வேலை செய்யாத ரிக்கெட்ஸிலும் முடி இருக்காது. எலும்பும் தசையும் தளர்ந்து நடை தாமதமாவதை மூளை வளர்ச்சிக் குறை என்று நினைத்துவிடுவோம். இந்தப் பையனுக்குப் பேச்சும் இல்லை, வலிப்பும் இருக்கிறது, அதனால் வாய்ப்பு குறைவு. ஆனாலும் ஓர் எக்ஸ்ரேதானே.

முடியைப் பிடுங்காமல், உச்சந்தோலை ஒட்டி வெட்டி, 20, 30 இழை எடுத்து ஸ்லைடில் வேர்ப்பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டுங்கள். முறுக்கிய இழை என்றால் மென்கெஸ் (உடம்பு செம்பைச் சரியாகக் கையாள முடியாத மரபுநோய்) இருக்கலாம். உடனே செம்பும், அதைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினும் பாருங்கள். முதல் சில வாரங்களில் எல்லாக் குழந்தைக்கும் அவை குறைவாகத்தான் இருக்கும், இவன் வயதில் அந்தக் குழப்பம் இல்லை. துருவ ஒளியில் புலிவால் வரி தெரிந்தால் ட்ரைக்கோதயோடிஸ்ட்ரோபி, அதாவது முடியில் கந்தகம் குறைந்த மரபுநோய்.

மரபணு_ஆலோசகர்

இவையெல்லாம் கழிந்த பிறகுதான் எக்ஸோம். குழந்தையோடு பெற்றோர் ரத்தமும் சேர்த்து, ஆளுக்கு 2, 3 மி.லி., ஊதா மூடி எடிடிஏ ட்யூபில். இதற்கு உறைய வைக்கத் தேவையில்லை. படிவத்தில் "வளர்ச்சித் தாமதம்" என்று மட்டும் எழுதினால் ஆய்வகம் எதைத் தேடும்? புருவம் இல்லை, இமைமுடி இல்லை, 14 மாதத்தில் வலிப்பு, நெருங்கிய உறவுத் திருமணம் என்று முழுவதும் எழுதுங்கள்.

நீங்கள் நினைக்கும் தொகுப்பில் முதல் வகைக்கு ஏஹெச்எஸ்ஜி மரபணு 2017இல் ஓர் ஈரானியக் குடும்பத்தில் கண்டறியப்பட்டது. நான்காம் வகை எல்எஸ்எஸ், அதாவது லானோஸ்டிரால் சின்தேஸ், 2019இல் வந்தது. கொலஸ்ட்ரால் தயாரிப்பு வழியில் உள்ள நொதி என்பதால் ரத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும், ஆனால் அந்த நோயாளிகளில் கொலஸ்ட்ராலும் அதன் முன்னோடிகளும் பெரிதாக மாறவில்லை. இடையில் உள்ள இரண்டு வகைகள் பாகிஸ்தான் குடும்பங்களில் குரோமோசோம் இடமாக மட்டும் குறிக்கப்பட்டவை. ஆகவே எக்ஸோம் வெறுங்கையாக வந்தாலும் நோய் இல்லை என்று பொருளில்லை.

உறவுத் திருமணம் என்றதுமே ஒடுங்கு மரபு (பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய்) என்று முடிவுகட்ட வேண்டாம். நிக்கோலைடஸ்–பரைட்சர் தொகுப்பிலும் முடி குறைவு, வலிப்பு, பேச்சின்மை, விரல் மூட்டுகள் புடைப்பு எல்லாம் உண்டு. அது ஸ்மார்க்கா2 மரபணுவில் பெரும்பாலும் புதிதாக நேர்வது. ஒடுங்கு மரபு என்றால் அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. புதிதாக நேர்ந்தது என்றால் மிகக் குறைவு. அம்மா மறுபடி உண்டாகும் முன்னால் இது தெரிந்தால்தான் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் சோதிக்க முடியும்.

மழலைநலம்_டிஇஐசி

மூவருக்கும் நன்றி. ஒரு சிக்கல். முடி வளரட்டும் என்று மருந்துக்கடையில் கொடுத்த 10 மி.கி. பயோட்டின் மாத்திரை ஒரு மாதமாக ஓடுகிறதாம், இன்றுதான் சொன்னார்கள். நொதிப் பரிசோதனை வீணா?

வளர்சிதை_வார்டு

வீண் இல்லை. பயோட்டின் சாப்பிடுவதால் பயோட்டினிடேஸ் அளவு மாறாது. கெடுவது சிறுநீர் ஆர்கானிக் அமிலமும் அசைல்கார்னிட்டினும்தான். இப்போது அவை நார்மலாக வந்தால் மதிக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். தீவிர வகைக்கு நாளுக்கு 5 முதல் 10 மி.கி. என்பதுதான் அளவே, வாழ்நாள் முழுக்க. மல்டிவைட்டமின் சிரப்பில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, போதாது. மாத்திரையைப் பொடித்துக் கரண்டிப் பாலில் குழைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பால் புட்டியில் போட்டால் பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். பச்சை முட்டை கூடாது, வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேகவைத்தது பரவாயில்லை.

இந்த ஒரு மாதத்தில் வாயோரம் ஆறியதா, வலிப்பு குறைந்ததா என்று கேட்டுக் குறித்துவையுங்கள். தோலும் வலிப்பும் சீக்கிரம் அடங்கும், முடிக்கு மாதங்கள் பிடிக்கும். பெராவும் (செவிநரம்புப் பரிசோதனை) கண் பரிசோதனையும் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் இந்த வாரமே.

தைராய்டு நார்மல் என்றீர்களே, அது மாத்திரை தொடங்கிய பிறகு எடுத்ததா? பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் முறையில் பார்க்கும் கருவியில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறையும், எஃப்டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாக ஏறும். உண்மையிலேயே ஏறிய டிஎஸ்ஹெச் அதில் நார்மல் போலத் தெரியலாம். ஆய்வகத்தில் எந்த முறை என்று கேட்டு, அந்தக் குறுக்கீடு இல்லாத கருவியில் ஒருமுறை திரும்பப் பாருங்கள்.