வெயிட் டிரெயினிங் தொடக்கம்: வாரம் 3 நாள், எதில் ஆரம்பிப்பது, எவ்வளவு தூக்குவது?

புதுவரவு 29:
வணக்கம். வயசு 29, எடை 68 கிலோ, நாள் முழுக்க நாற்காலி வேலை. எடை தூக்கிப் பழக்கமே இல்லை. வீட்டுப் பக்கத்து ஜிம்மில் பணம் கட்டியாச்சு. மாஸ்டர் தந்த அட்டையில் திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர் என்று ஆறு நாளும் நிரம்பியிருக்கிறது. எனக்கு வாரம் மூன்று நாள்தான் முடியும். அங்கே நேர் ராடு, 2.5 கிலோவிலிருந்து பிளேட், டம்பெல், பெஞ்ச், ஸ்குவாட் ஸ்டாண்ட், மேலிருந்து கம்பியை இழுக்கும் லாட் புல்டவுன் மெஷின் இருக்கிறது. எதை, எத்தனை செட், எந்த எடையில் தொடங்குவது? சைவம்தான், முட்டை மட்டும் சாப்பிடுவேன்.

கர்லாக்கட்டை:
அந்த அட்டையை மடித்து வையுங்கள், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம். நாளுக்கு ஒரு தசை என்பது, ஒரே நாளில் ஒரு தசையை நான்கைந்து நாள் எழ முடியாதபடி அடிக்கத் தெரிந்தவர்களுக்கு. புதியவர் தூக்கும் எடைக்குத் தசை இரண்டு நாளில் தேறிவிடும். அசைவைக் கற்பதற்கும் இதுதான் நல்லது. வாரம் ஒருமுறை ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) என்றால் வருஷத்துக்கு 52 தடவை, கீழே சொல்லும் முறையில் 78.

முழு உடம்புக்கும் இரண்டு பட்டியல் போதும். முதல் பட்டியலில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டம்பெல் ரோ (குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது). இரண்டாவதில் ருமேனியன் டெட்லிஃப்ட் (ராடைப் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), லாட் புல்டவுன். திங்கள், புதன், வெள்ளி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அடுத்த வாரம் தானாகவே இரண்டாவது பட்டியலில் தொடங்கும். எல்லாமே 3 செட், 8 முதல் 12 ரெப்ஸ் (ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப், இடைவிடாமல் அத்தனையும் செய்வது ஒரு செட்). முதல் வாரம் மட்டும் 2 செட்டோடு நிறுத்துங்கள். செட்டுக்கு நடுவில் 2 நிமிஷம் உட்காருங்கள், கால் பயிற்சிக்கு 3 கூட ஆகலாம். மூச்சு வாங்க வாங்க அடுத்த செட் போட்டால் தசைக்கு முன்னால் நுரையீரல் கைவிட்டுவிடும். மொத்தம் 50 நிமிஷத்துக்கு மேல் ஆகாது. பைசெப்ஸ் ஆசை இருந்தால் கடைசியில் முழங்கையை மடக்கி டம்பெல் தூக்கும் கர்ல் இரண்டு செட் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை.

எடையைத் தேர்ந்தெடுக்க ஒரே விதி: 10 ரெப்ஸ் முடித்ததும் இன்னும் இரண்டு மூன்று போகும் என்று தோன்ற வேண்டும். ஸ்குவாட்டுக்கு உடனே ராடு எடுக்காதீர்கள். 8 அல்லது 10 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து உட்கார்ந்து எழுங்கள். முன்னால் எடை இருப்பதால் முதுகு தானாக நிமிரும். பாதம் தோள் அகலம், விரல்கள் சற்று வெளியே, முட்டி விரல் போகும் திசையிலேயே போகணும், உள்ளே சரியக்கூடாது. இடுப்பு மடிப்பு முட்டிக்குக் கீழே இறங்கணும். 20 கிலோ டம்பெல்லில் 12 ரெப்ஸ் வந்த பிறகு ராடுக்குப் போகலாம்.

அரைக்கிலோ பிளேட்:
மேலே சொன்னது சரி. ஆனால் தெரு ஜிம்மில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: ராடின் எடை.

ஒலிம்பிக் ராடு 7 அடி, 20 கிலோ. உங்கள் ஜிம்மில் உள்ளது முழு நீளமும் ஒரே தடிமனான 5 அடி, 6 அடி ராடாக இருந்தால் 6 முதல் 10 கிலோ வரை எதுவாகவும் இருக்கும். எடை பார்க்கும் மெஷினில் ராடோடு ஒரு முறை, ராடு இல்லாமல் ஒரு முறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள். அந்த ராடில் ஒரு அடையாளம் வைத்து எப்போதும் அதையே எடுங்கள். இல்லையென்றால் நோட்டில் எழுதும் கணக்கு எல்லாம் பொய்க்கணக்கு.

அடுத்த சிக்கல் 2.5 கிலோ பிளேட். இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ கூடும். ஸ்குவாட் இதைத் தாங்கும். ஷோல்டர் பிரஸ் 20 கிலோவில் நிற்பவருக்கு 5 கிலோ என்பது கால் பங்கு ஏற்றம், நிச்சயம் மாட்டிக்கொள்வார். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது இந்த விளையாட்டில் ஆகச் சிறந்த செலவு. வாங்கும் முன் துளை உங்கள் ராடுக்குப் பொருந்துமா என்று அளந்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் ரெப்ஸை ஏற்றுங்கள்: மூன்று செட்டிலும் 12 வந்தால்தான் எடை கூட்டணும், கூட்டியதும் 8க்கு இறங்கினால் பரவாயில்லை. 5 கிலோ டம்பெல்லிலிருந்து 7.5க்குப் போவது ஒன்றரை மடங்கு என்பதால் அங்கே 15 ரெப்ஸ் வரை காத்திருங்கள்.

தரையிலிருந்து டெட்லிஃப்ட் எடுக்க ஆசை வந்தால் இதையும் கவனிக்கணும். போட்டிக்கான பெரிய பிளேட் 45 சென்டிமீட்டர் விட்டம், ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். 10 கிலோ இரும்பு பிளேட் அதைவிடச் சின்னது, ராடு தாழ்ந்து கிடக்கும். அதை எட்டிப் பிடிக்கப் போய்த்தான் பலருக்கு நடுமுதுகு வளைகிறது. இருபுறமும் மரக்கட்டையோ படுக்கவைத்த பிளேட்டுகளோ அடுக்கி உயர்த்திக்கொள்ளுங்கள். ருமேனியன் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. நின்றபடி பிடித்து, முட்டியை லேசாக மடக்கி, பிருஷ்டத்தைப் பின்னால் தள்ளி, ராடு தொடையை உரசியபடி முட்டிக்குக் கொஞ்சம் கீழே வரை. பின்தொடை இழுக்கும், அங்கே திரும்பிவிடலாம்.

புதுவரவு 29:
நன்றி அண்ணா. ஜிம்முக்குத் தனியாகத்தான் போவேன். பெஞ்ச் போடும்போது ராடு நெஞ்சில் மாட்டினால் என்ன செய்வது? முதல் நாள் 100 பஸ்கி (எடையில்லாமல் உட்கார்ந்து எழுவது) எடுக்கச் சொல்வார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்.

அரைக்கிலோ பிளேட்:
தனியாக என்றால் டம்பெல் பெஞ்ச்தான் முதல் தேர்வு, முடியவில்லை என்றால் பக்கவாட்டில் இறக்கிவிடலாம். ராடு என்றால் பிளேட் நழுவாமல் பிடிக்கும் லாக்கை மாட்டாதீர்கள். ராடு நெஞ்சில் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைச் சரியவிட்டுத் தப்பிக்கலாம். கட்டைவிரல் கட்டாயம் ராடைச் சுற்றி இருக்கணும். முழங்கையைத் தோளுக்கு நேராக முழுக்க விரிக்காமல் விலாவிலிருந்து பாதி விரிப்பில் வையுங்கள், தோள்மூட்டு பிழைக்கும். இன்னொன்று: முடித்தபின் ஒரே பக்கத்துப் பிளேட்டை எல்லாம் கழற்றிவிடாதீர்கள். மறுபக்க எடைக்கு ராடு எகிறி வந்து முகத்தில் அடிக்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

100 பஸ்கியைப் பணிவாக மறுத்துவிடுங்கள். பழகாத தொடையில் அத்தனை வேலை கொடுத்தால் தசை நார் சிதைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். இரண்டு மூன்று நாளில் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் தண்ணீர் குடித்துச் சமாளிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சாதாரண வலி அப்படி இருக்காது. மறுநாள் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல மறையும். மூட்டில் ஊசி குத்துவது போல ஒரே இடத்தில் வலித்தால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள்.

பருப்பு அடை:
சாப்பாட்டுக் கணக்கு நான் சொல்கிறேன். உடல் எடைக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் உங்களுக்குச் சுமார் 109 கிராம். முட்டை 4, அதில் 24. மீல் மேக்கர் காய்ந்தது 50 கிராம் எடுத்தால் 26. பனீர் 100 கிராமில் 18. கொண்டைக்கடலை காய்ந்த எடையில் 50 கிராம் ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 7, ஒரு பிடி வேர்க்கடலையில் 7. இதுவே 92. மீதி இட்லி, சோறு, பருப்பில் வந்துவிடும். சாம்பாரை மட்டும் நம்பாதீர்கள், ஒரு கரண்டியில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். மீல் மேக்கரை வெந்நீரில் போட்டு இரண்டு முறை பிழிந்தால் வாடை போகும்.

பவுடர் கட்டாயமில்லை. பனீர் தினமும் கட்டுப்படியாகாது என்றால் பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடரான வே புரோட்டீன் ஒரு ஸ்கூப் பதிலுக்கு ஆகும். லேபிள் இல்லாத டப்பாவை ஜிம்மில் யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி பேச்சு வந்தால் ஜிம்மையே மாற்றுங்கள். தசைக்குச் சக்தி தரும் கிரியேட்டின் பவுடர் எடுப்பதானால் தினம் 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரங்களில் எடை ஒரு கிலோ ஏறினால் அது தசைக்குள் சேர்ந்த தண்ணீர், பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் புரதக் கணக்கையும் கிரியேட்டினையும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது.

கர்லாக்கட்டை:
ஒன்று விட்டுப்போச்சு. மூச்சு. இறங்கும் முன் வயிறு நிறைய இழுத்து இறுக்கி, ஏறும்போது பாதியைத் தாண்டியதும் விடுங்கள். பிபி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். இருந்தால் மூச்சை அடைக்காமல் ஏறும்போது முழுக்க விட்டுக்கொண்டே தூக்குங்கள். கனமான செட்டுக்கு முன் வெறும் ராடில் ஒரு 10, பாதி எடையில் ஒரு 5. அதுவே வார்ம்அப், டிரெட்மில்லில் அரை மணி நேரம் ஓடிக் களைத்துவிட்டு வராதீர்கள்.